அன்னைக்கு ஓர் இடம்

நம் சங்கத்தின் சென்ற கூட்டத்தன்று உணவு முடிந்து கைகழுவும்போது அன்பர் ஒருவர் என் அருகில் வந்தார். "உங்கள் தாயாரை எங்கே சேர்த்திருக்கிறீர்கள்? இடம் நல்ல இடந்தானா?" என்று தாழ்ந்த குரலில் கேட்டார். அவருடைய தந்தையார் 3 மாதமாகப் படுக்கையில் இருக்கிறார். அக்குரலில் இருந்த நாணத்தை நான் அறிவேன். ஓராண்டுக்கு முன் நானும் அதே குரலில்தான் பலரை வினவினேன். பெற்றோரை வெளியே விடுவதற்கு இடம் தேடுகிறவன், கடன் கேட்கப் போகிறவனைப் போலத்தான் பேசுகிறான். அன்று எனக்கு எவரும் விளங்கச் சொல்லவில்லை. ஆதலால் நான் பட்டதையும் பார்த்ததையும் ஒளிக்காமல் இங்கே எழுதுகிறேன்.

என் தந்தையார் கோவில்பட்டியை அடுத்த சிற்றூரினர். உத்தியோகமண்டலத்தில் 1947இல் உற்பத்தி தொடங்கிய உரத் தொழிற்சாலை நம்மவர் பலரை ஏலூருக்கு ஈர்த்ததுபோல் அவரையும் ஈர்த்தது. அன்னையார் 1966இல் மணமகளாக இவ்வூருக்கு வந்தார். முதலாண்டு முழுவதும் அழுததாகச் சொல்வார். பிறகு மலையாளத்தைப் பிடித்துக்கொண்டார். பாதாளம் சந்தியில் அவர் மீனுக்கு விலை பேசுவதைக் கேட்பவர்கள், இவர் பரவூர்ப் பக்கத்துப் பெண் என்றே எண்ணுவார்கள். தந்தையார் மறைந்த பின்னும், "ஊருக்குப் போய்விடலாமா அம்மா?" என்றால், "எந்த ஊருக்கு?" என்று திருப்பிக் கேட்பார்.

2024ஆம் ஆண்டு பங்குனித் திங்களில் ஒருநாள் விடியலில் அவருக்குப் பக்கவாதம் கண்டது. வலக்கையும் வலக்காலும் செயலிழந்தன. 12 நாள் மருத்துவமனையில் வைத்திருந்து, "இனி மருந்துக்கு வேலை குறைவு, பராமரிப்புக்கே வேலை மிகுதி" என்று கூறி அனுப்பினார்கள். எங்கள் வீடு மாடியில் இருக்கிறது. எனக்கு ஆலையில் முறைமாற்றி வேலை. மனைவிக்குப் பள்ளிக்கூடத்தில் வேலை. தமக்கை சென்னையில். 'ஹோம் நர்ஸ்' என்று ஒரு பெண்ணை அமர்த்தினோம். இங்கே அப்பெயர் பெறுபவர்களிற் பலர் செவிலிப் படிப்புப் படித்தவர் அல்லர் என்பதை அப்போது நான் அறியேன். ஒன்பதாம் நாள் அவள் ஊருக்குப் போனாள், திரும்பவில்லை. அதன் பிறகே வெளியில் இடம் தேடினேன்.

முதலில் என்னைக் குழப்பியது பெயர்தான். நாம் 'நர்சிங் ஹோம்' என்றால் பத்திருபது கட்டில் உள்ள தனியார் மருத்துவமனையைக் குறிக்கிறோம். பிரசவத்துக்குப் போகும் இடம் அது. மேலைநாட்டார் அதே சொல்லால், தம்மைத் தாமே பேணிக்கொள்ள இயலாத முதியோர் வாழும் இல்லத்தைக் குறிக்கிறார்கள். எனக்கு வேண்டியது பின்னது. இங்கு அதனை விருத்தசதனம் என்பார்கள். வயோஜன மந்திரம் என்பார்கள். இக்காலத்தில் பாலியேட்டிவ் இல்லம் என்ற பலகையும் உண்டு. ஏழு இடங்களுக்குத் தொலைபேசியில் பேசினேன். ஐந்து இடங்களில் கேட்ட முதற்கேள்வியே, "அம்ம நடக்குமோ?" என்பது. நடக்கமாட்டார் என்றதும் உரையாடல் முடிந்தது.

இது வியப்பன்று. 2011ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி இந்தியாவில் நூற்றுக்கு 8.6 பேர் 60 வயது கடந்தவர்கள், கேரளத்தில் 12.6 பேர். பெற்றோர் பராமரிப்புக்கென 2007இல் இயற்றிய மையச் சட்டம், மாவட்டத்துக்கு ஒன்றேனும், 150 வறிய முதியோர் தங்கத்தக்க இல்லம் அமைக்கலாம் என்று மாநிலங்களுக்குச் சொல்கிறது. ஆனால் தங்குவதற்கு இடம் வேறு. படுத்தவரைப் புரட்டிவிட ஆள் வேறு. உலகெங்கும் உள்ள மருத்துவமனைகளுக்குச் செவிலியரை அனுப்பும் நாட்டில், உள்ளூரில் இரவுப் பணிக்கு ஒருவர் கிடைப்பது அரிதாய் இருக்கிறது. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. பிழைப்பு நாடி ஊர்விட்டு ஊர் வந்த நாம் அவர்களை எப்படிக் குறை சொல்வது?

எஞ்சிய இரண்டு இடங்களில் வீட்டுக்கு அண்மையில் இருந்ததைத் தேர்ந்தேன். அதன் பெயரும் ஊரும் இங்கு வேண்டாம். நான் பார்க்கச் சென்றது காலை 11 மணிக்கு. பளபளக்கும் தரை, வாயிலில் வண்ணமீன் தொட்டி, சுவரில் அன்றைய உணவுப் பட்டியல். மேலாளர் இனிமையாகப் பேசினார். மாதம் 30,000 ரூபாய். "நன்றாகப் பார்த்துக்கொள்வீர்களா?" என்று கேட்டேன். "சொந்த அம்மயைப் போல" என்றார். அக்கேள்விக்கு வேறு விடை யார் சொல்வார்? கேட்ட என்னைத்தான் நொந்துகொள்ள வேண்டும். மனம் நிறைந்து வீடு திரும்பினேன்.

பதினொரு நாள் கழித்து ஒரு மாலையில் சென்றபோது அன்னையார் என்னைக் கண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். வலத்தோளைத் தொட்டதும் துடித்தார். தோள்மூட்டு சற்றே கீழிறங்கினாற்போல் தோன்றியது. "என்ன நேர்ந்தது?" என்று இரவுப் பணிப்பெண்ணைக் கேட்டேன். மலைநாட்டுப் பக்கத்துப் பெண், கள்ளமில்லாத முகம். அவள் சொன்னாள்: "அம்மச்சி வலிக்கான் பறஞ்ஞு. ஞான் வலிச்சு."

அம்மச்சி இழுக்கச் சொன்னார். நான் இழுத்தேன் என்பது அதன் பொருள்.

மலையாளத்தில் 'வலிக்குக' என்றால் இழுத்தல். நோவைக் குறிக்க அவர்கள் 'வேதன' என்பார்கள். என் அன்னை நள்ளிரவில் "வலிக்குது, வலிக்குது" என்றிருக்கிறார். "வலிக்கணோ?" என்று அப்பெண் கேட்டிருக்கிறாள். இவரும் "ஆமா" என்றிருக்கிறார். உடனே அக்குளில் கைகொடுத்துத் தலையணைப் பக்கம் மேலே இழுத்திருக்கிறாள். வாதத்தால் தளர்ந்த தோளை ஒருபோதும் பிடித்து இழுக்கலாகாது. மூட்டைத் தாங்கும் தசைகள் வலுவிழந்திருப்பதால் அது எளிதில் விலகும். ஓரிரவு அன்று, பல இரவுகள் இவ்வாறு நடந்திருக்கின்றன. நோகிறது என்று சொல்லச் சொல்ல, நோவு கூடியிருக்கிறது. பிறகு அன்னை சொல்வதையே நிறுத்திவிட்டார்.

அறுபதாண்டு நெருங்கப் பேசிய மலையாளம் எங்கே போயிற்று என்று நீங்கள் கேட்கலாம். நானும் மருத்துவரைக் கேட்டேன். மூளையின் இடப்பாதி தாக்குண்டால் பேச்சு கெடுவது உண்டு. இருமொழி அறிந்தவருக்கு இரண்டும் ஒரேயளவில் கெடுவதும் இல்லை. ஒரேயளவில் மீள்வதும் இல்லை. முதலில் கற்ற மொழியே நிலைத்து நிற்கும் என்று 1881இல் பிரெஞ்சு அறிஞர் ரிபோ கருதினார். மிகுதியாகப் புழங்கிய மொழியே முதலில் மீளும் என்று 1895இல் பித்ர் என்பவர் மறுத்தார். இருவகை நோயாளிகளும் இருக்கிறார்கள் என்பதே மருத்துவர் கூறியது. என் அன்னை ரிபோவின் கட்சி. சந்தை மலையாளம் முழுவதும் போயிற்று. கோவில்பட்டித் தமிழ் எஞ்சியது. அதுவும் துண்டு துண்டாய்.

அன்றிரவே வீட்டுக்கு அழைத்துவந்தோம். உடை மாற்றும்போது மனைவி கண்ணில் பட்டது இன்னொன்று. முதுகின் அடியில், உட்காரும் எலும்பருகே, உள்ளங்கையளவு தோல் கன்றிக் கறுத்திருந்தது. பட்டியலும் மீன்தொட்டியும் பார்த்த நான், அந்தப் பதினொரு நாளில் ஒருமுறையேனும் போர்வையை நீக்கிப் பார்க்கவில்லை.

அடுத்த 7 வாரம் அன்னை எங்களுடன் இருந்தார். மனைவி சம்பளமில்லா விடுப்பு எடுத்தாள். அப்போதுதான் ஏலூர் நகராட்சியின் பாலியேட்டிவ் செவிலியம்மையார் வீட்டுக்கு வரலானார். இவ்வேற்பாடு கேரளத்தின் பெருமைகளில் ஒன்று. 1993இல் கோழிக்கோட்டில் மருத்துவர் எம். ஆர். இராஜகோபால், மருத்துவர் சுரேஷ் குமார் முதலானோர் தொடங்கிய நோய்த்தணிப்புச் சங்கத்திலிருந்து வளர்ந்தது இது. 2008இல் அதற்கெனத் தனிக் கொள்கை வகுத்த முதல் இந்திய மாநிலம் கேரளமே. இன்று உள்ளாட்சிகளின் செவிலியர் படுக்கையில் உள்ளோரை வீடுதேடி வந்து பார்க்கிறார்கள். தமிழ்க் குடும்பம், மலையாளக் குடும்பம் என்ற வேற்றுமை அதில் இல்லை. நம்மவரிற் பலர் இதனை அறியாமலே இருக்கிறார்கள். நானும் அறியாதவனாகவே இருந்தேன்.

அந்த அம்மையார் புண்ணுக்கு மருந்திட்டதைவிட எங்களுக்குப் பார்க்கக் கற்றுக்கொடுத்ததே பெரிது. தோல் சிவந்த இடத்தை விரலால் அழுத்துக. வெளுத்துப் பின் சிவந்தால் பரவாயில்லை. அழுத்தியும் வெளுக்காவிடில் உள்ளே புண் தொடங்கிவிட்டது என்றார். குதிகால், இடுப்பெலும்பு, தோள்பட்டை, பின்மண்டை ஆகிய இடங்களை நாள்தோறும் பார்க்கச் சொன்னார். இரண்டு மணிக்கு ஒருமுறை பக்கம் மாற்ற வேண்டும். காற்று மெத்தை வாங்கிவிட்டால் புரட்ட வேண்டியதில்லை என்பது வீண் நம்பிக்கை. மேலே நகர்த்துவதற்குக் கையைப் பிடிக்கலாகாது. அடியில் மடித்த துணியொன்றை விரித்து, இருபுறமும் இருவர் நின்று துணியோடு தூக்க வேண்டும். ஊட்டும்போது நிமிர்த்தி உட்காரவைத்து, உண்டபின் அரைமணி நேரமாவது அப்படியே வைக்க வேண்டும். கஞ்சியைவிடத் தண்ணீரே அவருக்கு அபாயம். நீர்த்தது மூச்சுக்குழலுக்குள் விரைந்து போய்விடும். இவற்றில் ஒன்றேனும் அந்தப் பளபளத்த இடத்தில் எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

இவை புதிய கண்டுபிடிப்புகளும் அல்ல. நைட்டிங்கேல் அம்மையார் 1859இல் எழுதிய செவிலி நூலிலேயே படுக்கைப்புண்ணை நோயின் கணக்கில் எழுதாமல் பராமரிப்பின் கணக்கில் எழுதினார். டோரீன் நார்ட்டன் என்ற ஆங்கிலச் செவிலியும் அவர் துணைவரும் 1962இல் வெளியிட்ட ஆராய்ச்சி, பூசும் மருந்துகளால் பயன் காணவில்லை. முறையாகப் புரட்டுவதாலேயே புண் குறைந்தது என்று காட்டியது. புண்ணைப் பார்த்தால் இல்லத்தைப் பார்த்ததுபோல என்று எங்கள் செவிலியம்மையார் சொல்லுவார்.

மனைவியின் விடுப்பு முடிய இருந்தது. மீண்டும் இடம் தேடினேன். இம்முறை வேறு கண்ணோடு. நான்கு இடங்களைப் பார்த்தேன். காலை 11 மணிக்கு எங்கும் போகவில்லை. இரவு 9 மணிக்கு மேல் ஒருமுறை, விடியற்காலை ஒருமுறை, ஞாயிறு பிற்பகலில் ஒருமுறை என்று கேட்டேன். ஓரிடத்தில் மாலை 4 முதல் 5 வரையன்றி வாயில் திறக்காது என்றார்கள். நோயாளிகளின் உறக்கமும் அவர்களுடைய மறைவும் காக்கப்பட வேண்டும் என்பது நேர்மையான காரணமே. ஆயினும் அந்த இடத்தை விலக்கிவிட்டேன். என் தீர்ப்பு தவறாகவும் இருக்கலாம். முன்பே பட்டவன் வேறு என்ன செய்வான்?

"நன்றாகப் பார்ப்பீர்களா?" என்ற கேள்வியை விட்டொழித்தேன். "நேற்றிரவு பணியில் இருந்தவர் எத்தனை பேர்? அவர்களுள் கவுன்சிலில் பதிவுபெற்ற செவிலி யார்?" என்று கேட்டேன். "நாளைக்கு இருப்பார்கள்" என்ற விடையை நான் ஏற்கவில்லை. "இங்கே கடைசியாக ஒருவர் கீழே விழுந்தது எப்போது?" என்றும் கேட்டேன். ஓரிடத்தில், "இங்கே எவரும் விழுந்ததே கிடையாது" என்று பெருமையாகச் சொன்னார்கள். முப்பது முதியோர் வாழும் வீட்டில் எவரும் விழவில்லை என்றால், ஒன்று எழுதிவைப்பதில்லை. அல்லது கட்டிலோடு கட்டிவைக்கிறார்கள். இன்னோரிடத்தில் கன்னியாஸ்திரீ ஒருவர் பேசாமல் ஒரு குறிப்பேட்டை எடுத்துப் பிரித்து, "சென்ற மாதம் இரண்டு பேர். ஒருவர் குளியலறையில், ஒருவர் கட்டிலருகில்" என்று காட்டினார். அவர்மேல் எனக்கு மதிப்பு உண்டாயிற்று. ஆனால் அங்கே இடம் இல்லை. முன்னே 14 பேர் காத்திருந்தார்கள்.

ஏலூர்க்காரனாதலால் இன்னொரு கேள்வியும் என்னிடம் இருந்தது: "2018 ஆகஸ்டில் என்ன செய்தீர்கள்?" நம் ஊர் பெரியாற்றின் கிளைகளுக்கு இடைப்பட்ட தீவு. அவ்வாண்டு ஆகஸ்டு நடுவில் ஆற்றுநீர் வீடுகளுக்குள் புகுந்ததை நாம் மறக்க இயலுமா? நடப்பவரே திண்டாடிய இரவு அது. (மலையாளத்தில் வெள்ளம் என்றால் குடிநீரும் வெள்ளந்தான், நம் வெள்ளத்துக்கு அவர்கள் வெள்ளப்பொக்கம் என்பார்கள். ஆகவே கேள்வியைப் பிழையறக் கேட்க வேண்டும்.) ஆற்றங்கரையில் புதிதாய் எழுந்த ஓர் இல்லத்தில், "அப்போது நாங்கள் தொடங்கவில்லை" என்றார்கள். "இனி வந்தால்?" என்றேன். சிரித்தார்கள்.

முடிவில் என்னை மட்டாஞ்சேரிக்கு அனுப்பியவர் எங்கள் செவிலியம்மையாரே. ஏலூரிலிருந்து அது எளிய பயணம் அன்று. 2024 முதல் நமக்கு நீர் மெட்ரோப் படகு வந்திருக்கிறது. தென் சிட்டூரில் படகு மாறி உயர்நீதிமன்றத் துறையில் இறங்கி, பிறகு பேருந்தில் தோப்பும்படி வழியாகப் போக வேண்டியிருந்தது. இஞ்சி, மிளகு மணக்கும் பழைய பண்டகசாலைத் தெருவின் ஒரு திருப்பத்தில் அந்த இல்லம் இருக்கிறது. பார்த்தவுடன் மனம் சோர்ந்தது. சுவரில் உப்புப் பூத்திருந்தது. மீன்தொட்டி இல்லை. 16 கட்டில்கள், இரண்டு கூடங்கள், எல்லாம் தரைத்தளம்.

நான் சென்றது இரவு 9.30 மணி. மூத்திர நாற்றம் இல்லை. நாற்றத்தை மறைக்கும் வாசனைத் தெளிப்பும் இல்லை. தலைமாட்டில் ஒவ்வொரு கட்டிலிலும் ஒரு தாள் தொங்கியது. 6 மணி வலம், 8 மணி இடம் என்று எழுதிக் கையெழுத்திட்டிருந்தார்கள். 10 மணிக்கான கட்டம் வெறுமையாக இருந்ததைக் கண்டு நான் மகிழ்ந்தேன். முன்கூட்டியே நிரப்பிவைக்கும் வழக்கம் அங்கு இல்லை. மாதம் 26,000 ரூபாய்; உறிஞ்சுதுணிக்கும் தசைப்பயிற்சிக்கும் தனிக் கட்டணம் என்பதை நான் கேளாமலே எழுதிக்கொடுத்தார்கள்.

பொறுப்பாளரான அம்மையார் என் அன்னையைப் பற்றிக் கேட்ட முதற்கேள்வி, நடப்பாரா என்பதன்று. "என்ன மொழி பேசுவார்?" என்று கேட்டார். நான் சற்று நேரம் பேசவில்லை. மட்டாஞ்சேரியில் இக்கேள்வி இயல்பானதே. கொங்கணி, குஜராத்தி, உருது, தமிழ் என்று அடுத்தடுத்த தெருவில் பேசும் ஊர் அது. அங்கே பகற்பணி செய்பவர்களுள் ஒருவர், போர்ட் கொச்சியில் வெளி என்னும் பகுதியில் சலவைத் தொழில் புரிந்துவரும் தமிழ்க் குடும்பத்தினர். டச்சுக்காரர் காலத்தில் வந்து, இன்றளவும் வீட்டில் தமிழ் பேசுகிறவர்கள் அவர்கள்.

அன்னையைச் சேர்த்த அன்று அந்தப் பெண்மணி குனிந்து, "எங்கே பாட்டி வலிக்குது?" என்றார். அன்னை அவரை நெடுநேரம் பார்த்தார். "நீ யாரு தாயி?" என்றார். ஏழு வாரத்தில் அவர் வாயிலிருந்து வந்த முதல் முழு வாக்கியம் அதுவே. பிறகு இடக்கையால் வலத்தோளைத் தொட்டுக் காட்டினார். நான் வெளியே வந்து தெருவில் நின்றேன்.

ஆனால் என் ஐயம் இரவைப் பற்றியது. இரவுப் பணியாள் சார்க்கண்டிலிருந்து வந்த பெண்; வயது 23. மலையாளமே அவள் இரண்டாண்டுகளில் கற்றது. நான் ஓர் அட்டையில் அன்னை பேசும் சொற்களையும் அவற்றுக்கு நேரான மலையாளத்தையும் எழுதிக் கட்டிலருகில் தொங்கவிட்டேன். வலிக்குது என்றால் வேதன, இழுக்காதே. பசிக்குது என்றால் விசப்பு. குளிருது என்றால் தணுப்பு. போதும் என்றால் மதி. ஒண்ணுக்கு என்பது எண் அன்று, சிறுநீர். அவள் மலையாளம் பேசுவாளேயன்றிப் படிக்கமாட்டாள். ஆகவே தன் சிறு குறிப்பேட்டில் அனைத்தையும் தேவநாகரியில் எழுதிக்கொண்டு, ஒவ்வொன்றையும் எனக்குப் படித்துக் காட்டினாள். 'வலிக்குது' அவள் நாவில் சரியாக வரவில்லை. நான்கு முறை திருத்தச் சொன்னாள்.

ஒன்பது மாதம் ஆயிற்று. குறை இல்லாமல் இல்லை. மழைக்காலத்தில் ஈரம் மிகுதி; அன்னைக்கு இருமுறை சளி கட்டியது. தசைப்பயிற்சி செய்பவர் வாரத்தில் ஒருநாள் வருவதாகச் சொல்லிப் பல வாரம் வரவில்லை, சண்டையிட்டேன். நான் வாரம் இருமுறைதான் போக முடிகிறது. அதற்கே அரைநாள் ஆகிறது. போனவுடன் முதலில் போர்வையை நீக்கிக் குதிகாலைப் பார்க்கிறேன். பிறகுதான் நலம் விசாரிக்கிறேன். புண் ஆறிவிட்டது. தோள் முழுவதும் சீராகவில்லை.

அந்த அட்டையின் படியொன்றைச் சங்கச் செயலாளரிடம் கொடுத்திருக்கிறேன். வேண்டுவோர் பெற்றுக்கொள்ளலாம். அதில் உள்ளவை என் அன்னையின் சொற்கள். நாஞ்சில் நாட்டார், கொங்கு நாட்டார், தஞ்சையார் வீடுகளில் இவற்றுள் சில வேறாக வழங்கும். உங்கள் பெரியவர்கள் நோவுக்கும் தாகத்துக்கும் என்ன சொல் சொல்கிறார்கள் என்பதை, அவர்கள் நன்றாகப் பேசும்போதே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஓரத்தில் இடம் விட்டிருக்கிறேன்.